கோப்பிக்கும் கொப்பிக்கும் நடுவே ஒரு பல்

இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்துக் கஹவத்தையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலை நடக்க ஆங்கிலச் சொற்கள் பல தேவைப்படுகின்றன. கணக்கு இருப்பது ஆபிசில். கொழுந்து போய்ச் சேர்வது பெக்டரிக்கு. மலையில் வேலை பார்க்க வருகிறவர் பீல்ட் ஒபிசர். இந்தத் தோட்ட மக்களின் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வரவழைத்த முதல் பெரும் பயிரின் பெயர் கோப்பி. இச்சொற்கள் எல்லாவற்றிலும் மூலத்தில் இருப்பது ‘எஃப்’ என்ற ஒலி. தோட்டத்துப் பேச்சுக்குள் வந்ததும் ஒன்று விடாமல் எல்லாம் பகரமாகிவிட்டன. இதை வைத்துப் பகிடி பண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘ஃபைவ்’ என்று சொல்லவேண்டிய பிள்ளை ‘பைவ்’ என்றால், வாய் திருந்தாது, நாக்குத் தடிப்பு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை சொன்ன ‘பைவ்’ என்ற சொல்லைக் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். தொடக்கத்து ஒலியைத் தவறவிட்ட அதே வாய், முடிவிலுள்ள ‘வ்’வைச் சரியான இடத்தில் பிறப்பித்திருக்கிறது. தவறவிட்ட ஒலிக்கும் சரியாகச் சொன்ன ஒலிக்கும் பிறப்பிடம் ஒன்றுதான்: மேற்பல்லும் கீழுதடும் தொடும் இடம். அந்த இடம் தமிழ் வாய்க்குப் புதிதல்ல. ஆகவே குறை வாயில் இல்லை. மொழி தன் ஒலிகளை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்பதில்தான் இதன் விடை இருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கக் கண்ணாடி ஒன்றும் விரலகலக் கடதாசித் துண்டு ஒன்றும் போதும். கடதாசியை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு ‘ப’ என்று சொன்னால் அது ஒருமுறை துள்ளி அடங்கும். இரண்டு உதடுகளும் கதவைப் போல மூடி, காற்றை அடைத்து வைத்து, சட்டென்று திறப்பதால் வரும் துள்ளல் அது. ‘ஃப்’ என்று இழுத்துச் சொன்னால் கடதாசி தொடர்ந்து படபடக்கும். இங்கே கதவு மூடவில்லை. மேல்வரிசைப் பல் கீழுதட்டின் உள்விளிம்பில் அமர, மிச்சமிருக்கும் இடுக்கு வழியே காற்று உரசிக்கொண்டு வெளியேறுகிறது. ‘வ’ என்று சொன்னால் கடதாசி அதிகம் அசையாது. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் பல் அதே உதட்டுக்குத்தான் வருகிறது. இப்போது தொண்டையில் விரலை வைத்தால் ‘வ’வுக்குக் குரல்வளை அதிர்வது தெரியும், ‘ஃப்’புக்கு அதிர்வு இல்லை. ஒலியியலில் இவற்றைப் பல்லிதழ் ஒலிகள் என்கிறார்கள். தமிழ் வகரத்தில் பல் உதட்டைப் பட்டும் படாமலும் தொடுகிறது, கூடவே குரலும் சேர்கிறது. ‘ஃப’வில் தொடுகை சற்று இறுகுகிறது, குரல் நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

வகரம் பல்லிதழ் ஒலி என்பது இன்றைய கருவிகள் கண்டுபிடித்த செய்தியும் அல்ல. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தமிழ் இலக்கணமான தொல்காப்பியம், எழுத்துக்கள் பிறக்கும் இடங்களை வரிசையாகச் சொல்லும்போது பகரத்தையும் மகரத்தையும் இரண்டு உதடுகளின் சேர்க்கை என்று வைத்துவிட்டு, வகரத்தைத் தனியே எடுத்து, பல்லும் இதழும் இயைவதால் பிறப்பது என்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல் இன்னும் ஒரு படி போய், அது மேற்பல் என்று குறித்தே சொல்கிறது. வடமொழி இலக்கணக்காரர்களும் தங்கள் வகரத்தைப் பல்லோடும் உதட்டோடும் சேர்த்துத்தான் வகைப்படுத்தினார்கள். இதைவிட நுட்பமான ஒரு சான்று மகரக்குறுக்கம் என்ற தலைப்பில் இருக்கிறது. பரீட்சைக்காக மனனம் செய்துவிட்டு மறந்துபோகும் விதி அது: மகர மெய்க்கு அடுத்து வகரம் வந்தால், மகரம் தனக்குரிய அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறுகும். ‘வரும் வண்டி’ என்பதை நிறுத்தாமல் சொல்லிப் பார்த்தால் காரணத்தை ஊகிக்கலாம். மகரத்துக்கு இரண்டு உதடும் மூட வேண்டும். ஆனால் அடுத்து வரப்போகும் வகரத்துக்காகக் கீழுதடு அதற்குள் பல்லை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது. மூடல் முழுமையடையாமல் மகரம் மெலிகிறது. பல்லும் உதடும் சேர்ந்து பிறக்கும் இந்த மூக்கொலிக்கு உலக ஒலியெழுத்து நெடுங்கணக்கில் தனிக் குறியே உண்டு. பழைய இலக்கணக்காரர்கள் இடத்தைச் சொல்லாமல் அளவைச் சொன்னார்கள். ஆனாலும் அவர்கள் காது பிடித்தது இந்த மாற்றத்தைத்தான் என்று கொள்வது பொருந்தும்.

வகரம் தமிழில் ஓரமாக ஒதுங்கி நிற்கும் ஒலியும் அல்ல. இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் வந்தால் நடுவே நின்று உடம்படுத்துவது பெரும்பாலும் அதுதான். திருவும் அடியும் திருவடியாவதும், பூவும் அழகும் பூவழகாவதும் வகரத்தின் வேலை. அதேசமயம் அதற்கு ஒரு தடையும் உண்டு. உ, ஊ, ஒ, ஓ என்ற நான்கு உயிரோடும் வகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் விலக்கியிருக்கிறது. காரணத்தை வாயே காட்டும்: இந்த நான்கு உயிருக்கும் உதடு குவிந்து முன்னே போகிறது; போகும்போது கீழுதடு பல்லை விட்டு விலகிவிடுகிறது. அந்தப் பழைய தடை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கில ‘வோட்’ தமிழ்ப் பேச்சில் ‘ஓட்டு’ ஆனது அதனால்தான். தேர்தல் தோறும் காதில் விழும் ஒரு சொல், இலக்கண விதி ஒன்றைச் சுமந்துகொண்டு திரிகிறது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. அந்நிய ஒலியை மொழி தன்பாட்டுக்குச் சிதைப்பதில்லை. தன் கணக்குக்குள் எது பொருந்துமோ அதற்கு ஏற்ப எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. பல்லும் உதடும் கூடும் இடம் தமிழில் இருக்கிறது என்றால், ‘எஃப்’ ஏன் வகரமாக மாறவில்லை? இடம் தவறிய பகரமாக ஏன் மாறியது? இதற்கு விடை, தமிழ்க் காது ஒலியை இடத்தைக் கொண்டு மட்டும் எடைபோடுவதில்லை என்பதுதான். வகரம் இடையினம்; மென்மையாக, குரலோடு வழுக்கிச் செல்லும் ஒலி. ‘எஃப்’பில் குரல் இல்லை, காற்றின் வேகம் இருக்கிறது. குரலின்றி விசையோடு சொல்லைத் தொடங்கும் ஒலிகள் தமிழில் வல்லினத்தைச் சேர்ந்தவை. உதட்டருகே பிறக்கும் வல்லினம் ஒன்றே ஒன்று, அது பகரம். ஆகவே ‘எஃப்’ தமிழுக்குள் வரும்போது பிறப்பிடத்தைப் பார்த்து வகரத்தின் பக்கம் போகவில்லை. குணத்தைப் பார்த்துப் பகரத்தின் பக்கம் போனது. இது தோட்டத்தில் நடந்த தற்செயலும் இல்லை, கல்விக் குறைவால் நேர்ந்ததும் இல்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மொழியிலிருந்து வந்த சொற்கள் எல்லாம் இதே வழியில்தான் போயிருக்கின்றன. துருக்கியின் ‘துஃபெக்’ நமக்குத் துப்பாக்கி. பாரசீகத்தின் ‘சிஃபாரிஷ்’ சிபாரிசு, ‘நஃபர்’ நபர், ‘ஃபர்யாத்’ பிராது. போர்த்துக்கேயரின் ‘ஃபோர்னோ’ பேக்கரியில் பாண் வேகும் போறணை. நபர் என்றும் சிபாரிசு என்றும் எழுதுகிற படித்தவர்கள் யாரும் தங்கள் வாய் தடித்திருக்கிறது என்று எண்ணுவதில்லை. அதே விதிப்படி பெக்டரி என்று சொல்லும் கொழுந்துக்காரியின் வாய் மட்டும் எப்படித் தடித்ததாகும்?

இந்த இடத்தில் அறிவியலின் பெயரால் ஒரு மறுப்பு வரலாம். பல்லிதழ் ஒலிகள் எல்லா மனித வாய்க்கும் சமமாக எளிதல்ல என்று ஒரு கருத்து இருக்கிறது. 1985இல் அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஹாக்கெட் இதை முன்வைத்தார். கடினமான உணவை மென்றே வளர்ந்த பழைய மனிதருக்குப் பற்கள் தேய்ந்து, வயது வந்தபின் மேல்வரிசையும் கீழ்வரிசையும் விளிம்போடு விளிம்பாக நின்றுவிடும். விவசாயம் வந்து உணவு மிருதுவானபின் மேற்பல் கீழ்ப்பல்லை மூடி முன்தள்ளி நிற்கும் சிறுவயது அமைப்பு கடைசிவரை நிலைத்தது. அப்போதுதான் கீழுதட்டைப் பல் தொடுவது இலகுவாயிற்று என்றார் அவர். எதிர்ப்பு வந்ததும் அவரே பின்வாங்கினார். ஆனால் 2019இல் டாமியான் பிளாசியும் அவரது குழுவினரும் ‘சயன்ஸ்’ இதழில் அந்தக் கருத்துக்கு மறுபடி உயிர்கொடுத்தார்கள். விளிம்புக்கு விளிம்பு நிற்கும் பல்லைவிட, மேற்பல் முன்நிற்கும் அமைப்பில் இவ்வொலிகளுக்கு 29 சதவீதம் குறைவான தசை உழைப்பு போதும் என்று கணினி மாதிரியில் கணக்கிட்டார்கள். வேட்டையாடி, கிழங்கும் காயும் சேகரித்து வாழ்ந்த சமூகங்களின் மொழிகளில், விவசாயச் சமூகங்களின் மொழிகளில் இருப்பதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பல்லிதழ் ஒலிகளே இருப்பதாகவும் காட்டினார்கள்.

கஹவத்தை இருக்கும் சப்ரகமுவ மாகாணத்துக்காரருக்கு இந்த ஆய்வு தூரத்துச் செய்தி அல்ல. கஹவத்தைக்கு அயலூரான பலாங்கொடையின் பெயரைத்தான் தொல்லியலாளர்கள் இலங்கையின் பழைய வேட்டை மனிதருக்கு வைத்திருக்கிறார்கள். அந்த மக்கள் தங்கிய குகைகளில் ஒன்று, இதே இரத்தினபுரி மாவட்டத்தில் குருவிட்டவுக்கு அருகே உள்ள பட்டதொம்பலென. குரங்கும் மரநத்தையும் காட்டுக் கொட்டைகளும் அவர்களின் சாப்பாடு. அவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதற்குச் சுவடு எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே அவர்கள் வாயில் ‘வ’ இருந்ததா என்று எலும்பைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னொரு குகை களுத்துறை மாவட்டத்தில் இருக்கிறது. உலகத் தொல்லியல் நூல்கள் சீனத் துறவி ஃபாஹியனின் பெயரால் அதை அழைக்கின்றன. ஊரார் சொல்வது பாஹியன்கல. சிங்கள வாயும் ‘எஃப்’பைப் பகரமாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. கோப்பியைச் சிங்களத்தில் கோபி என்பார்கள். ‘எஃப்’புக்கென்று ஒரு தனி எழுத்தைச் சிங்களம் சேர்த்துக்கொண்டதும் பிற்காலத்தில்தான்.

பிளாசி குழுவின் முடிவை எல்லா மொழியியலாளரும் ஏற்கவில்லை. அதை முழுதாக ஏற்றுக்கொண்டாலும் கூட, நம் வாதத்துக்கு அது பகையாகாது. மிருதுவான உணவு உண்ட வாய்க்குப் பல்லிதழ் ஒலி எளிதாகும் என்றுதான் அது சொல்கிறது. அந்த எளிமையை எந்த மொழி எப்படிப் பயன்படுத்தும் என்று சொல்லவில்லை. எத்தனையோ நூற்றாண்டாகச் சோறு உண்ணும் தமிழர் அந்த இடத்தில் வகரத்தை மட்டும் வளர்த்தார்கள். அதே திராவிடக் குடும்பத்தில், நீலகிரி மலையில் வாழும் தோடர்களின் மொழியில் ‘எஃப்’பும் இருக்கிறது. தமிழரும் தோடரும் பல்லால் வேறுபட்டவர்கள் அல்லர். மொழிகள் நடந்த பாதைதான் வேறு. அரபு மொழியைப் பாருங்கள்: அதில் ‘எஃப்’ உண்டு, பகரமோ ‘வி’யோ இல்லை, ஆகவே பெப்சியைப் ‘பெப்சி’ என்று சொல்ல அரபிகளில் பலர் தடுமாறி ‘பெ’வைக் குரலோடு அதிரவைத்துச் சொல்கிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டவர் தங்கள் நாட்டின் பெயரையே ‘பிலிப்பினாஸ்’ என்று பகரத்தில் தொடங்கி எழுதுகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் வாய் திருந்தாதவர்கள் என்று சொல்வதில்லை.

பகிடி பண்ணுகிறவர்கள் உரிமை கொண்டாடும் ஆங்கிலத்தின் ‘எஃப்’புக்கே ஒரு பழைய கதை உண்டு. ஆங்கிலமும் வடமொழியும் இலத்தீனும் ஒரே மூதாதையின் வாரிசுகள். அந்த மூதாதை மொழியில் பகரமாக இருந்த ஒலி, ஆங்கிலம் சேர்ந்த ஜெர்மானியக் கிளையில் ‘எஃப்’பாக மாறியது. வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பிதாவும் ஆங்கில ‘ஃபாதர்’உம் உடன்பிறந்த சொற்கள், பாதமும் ‘ஃபுட்’உம் அப்படியே. கோயிலில் பூசை வைக்கும் குருவானவரைத் தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் ‘பாதர்’ என்று கூப்பிடும்போது, தங்களை அறியாமல் அந்தச் சொல்லை அதன் பழைய ஒலிக்கு அருகே கொண்டுபோய் வைக்கிறார்கள். இதைச் சொல்வது ‘பாதர்’ என்பதே சரி என்று வாதாட அல்ல. பகரம் ‘எஃப்’பாவதும் ‘எஃப்’ பகரமாவதும் மொழிகளின் வாழ்வில் சாதாரணமாக நடப்பவை. இவற்றில் எதிலும் ஒரு வாய் உயர்ந்ததென்றும் இன்னொன்று தாழ்ந்ததென்றும் இல்லை என்று காட்டத்தான்.

எழுத்து இல்லாததுதான் குறை என்று சொல்பவர்களும் உண்டு. எழுதிக் காட்ட ஓர் எழுத்து இருந்தால் வாய் தானாகத் திருந்தும் என்பது அவர்கள் எண்ணம். தமிழில் ஜ, ஷ, ஸ, ஹ என்ற கிரந்த எழுத்துக்கள் இருந்தும் ‘எஃப்’புக்கு ஒன்று ஏன் இல்லை என்றால், அவை வடமொழிக்காக வந்தவை, வடமொழியில் ‘எஃப்’ இல்லை. அதனால்தான் தமிழ்நாட்டு எழுத்தில் ஆய்தத்தைப் பகரத்துக்கு முன்னால் போட்டு ‘ஃபேன்’ என்று எழுதும் வழக்கம் பிறந்தது. ஆய்தம் குற்றெழுத்துக்கும் வல்லின உயிர்மெய்க்கும் நடுவேதான் வரும், சொல்லின் முதலில் வராது என்று மரபிலக்கணம் அறிந்தவர்கள் இதை மறுப்பார்கள். விதிப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் இலங்கைத் தமிழ் எழுத்து இந்தச் சர்ச்சைக்கு வேறொரு பதிலை வைத்திருக்கிறது. இங்கே பத்திரிகைகளில் பெரும்பாலும் பேஸ்புக், பிரான்ஸ், பைசர் என்றே அச்சாகும். பாத்திமா என்று எழுதும் முஸ்லிம் வீட்டில் அந்தப் பெயரைப் பல்லும் உதடும் சேர்த்துச் சுத்தமாகச் சொல்கிறார்கள். எழுத்தில் இல்லாத ஒலியை வீட்டுப் பழக்கம் தருகிறது. எதிர்ப்பக்கமாக மலையாளத்தைப் பார்க்கலாம். வடமொழியின் மூச்சு கலந்த பகரத்துக்கென்று இருந்த எழுத்தைப் பலர் இப்போது ‘எஃப்’பாக வாசிக்கிறார்கள், பழத்தைக் குறிக்கும் ‘பலம்’ என்ற சொல்லே ‘ஃபலம்’ ஆகிவிடுகிறது. எழுத்து ஒன்று, ஒலி வேறு. ஆகவே ஆய்தம் போடுவதா வேண்டாமா என்பது எழுத்து மரபைப் பற்றிய வழக்கு. வாயைத் திருத்துவதோ கெடுப்பதோ அதன் கையில் இல்லை.

கடைசியாக ஒரு நியாயமான கேள்வி: பகரம் குறையல்ல என்றால், பாடசாலையில் அதைத் திருத்த வேண்டியதே இல்லையா? தமிழ் பேசும்போது தேவையில்லை. பெக்டரியும் கோப்பியும் இப்போது தமிழ்ச் சொற்கள். அவற்றைத் தமிழாகச் சொல்வதே முறை. இலங்கைத் தமிழ் இந்த இடத்தில் குழம்பவும் இல்லை. குடிப்பது கோப்பி, எழுதுவது கொப்பி; ஓகாரத்தின் நீட்சியும் ஒகரத்தின் குறுக்கமும் இரண்டையும் பிரித்துவிடுகின்றன. ஆங்கிலம் இவற்றைப் பிரிப்பது வேறு விதமாக. அங்கே இரண்டிலும் முதல் உயிர் ஒன்றே. நடுவிலுள்ள ‘எஃப்’பும் பகரமும்தான் குடிப்பதையும் எழுதுவதையும் வேறாக்குகின்றன. அதாவது தமிழ் உயிரின் அளவில் வைத்த வேறுபாட்டை ஆங்கிலம் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசி வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு அந்த வேறுபாடு தேவை. ஆகவே கற்பிக்கத்தான் வேண்டும். கேள்வி, எங்கிருந்து தொடங்குவது என்பதுதான்.

பகரத்திலிருந்து தொடங்கி ‘இப்படிச் சொல்லாதே’ என்று தலையில் குட்டுவது வீண் வேலை. அது பிள்ளையைப் பேசாமல் இருக்கப் பழக்கும். வகரத்திலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தே இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘வி’யும் ‘டபிள்யூ’வும் கூட இதே வழியில் வசப்படும். தமிழ் வகரம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் திராட்சைக் கொடியைக் குறிக்கும் ‘வைன்’உம் திராட்சை மதுவைக் குறிக்கும் ‘வைன்’உம் நம் பேச்சில் ஒன்றாகிவிடுகின்றன. தமிழ் வகரத்தின் தொடுகையைச் சற்று அழுத்தி வண்டு முரல்வதுபோல் இழுத்தால் ஆங்கில ‘வி’. பல்லை முழுக்க விலக்கி, உதட்டை உகரத்துக்குப் போலக் குவித்து அங்கிருந்து திறந்தால் ‘டபிள்யூ’. அழுத்திய வகரத்தில் குரலை மட்டும் நிறுத்திவிட்டால் ‘எஃப்’. ஆங்கிலத்தின் மூன்று ஒலிகளுக்கும் புறப்படும் இடம் ஒரே தமிழ் எழுத்து.

அதற்கான பாடம் ஊரின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. சிங்களத்தில் ‘கஹ’ என்றால் மஞ்சள், ‘வத்த’ என்றால் தோட்டம். ஆங்கிலத்தில் அதே ஊரை ‘டபிள்யூ’ போட்டு எழுதுகிறார்கள். வவுனியாவுக்கு ‘வி’ போடுகிறார்கள். ஆனால் இரண்டு ஊர்ப் பெயரிலும் வாயில் கேட்பது ஏறக்குறைய ஒரே வகரம். அந்தப் பிள்ளையிடம் கஹவத்தை என்று ஆறுதலாகச் சொல்லச் சொல்லுங்கள். ‘கஹ’ கடந்து ‘வ’வுக்கு வந்ததும் அங்கேயே நிற்கச் சொல்லுங்கள், பல் கீழுதட்டில் இருக்கும். உதட்டை அசைக்காமல் பல்லைக் கொஞ்சம் அழுத்தி, குரலை அணைத்து, காற்றை மட்டும் விடச் சொல்லுங்கள். உதட்டுக்கு முன்னால் பிடித்த கடதாசி படபடக்கத் தொடங்கும். ‘பைவ்’ என்ற சொல்லின் முடிவில் அந்தப் பிள்ளை ஏற்கெனவே சரியாக வைத்த பல், இப்போது அதே சொல்லின் தொடக்கத்துக்கும் வந்துவிட்டது.